வெற்றிலையில் ஒட்டிய பவுண்

தம்பி,

வவுனியாவில் உன் மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகச் சம்பந்தம் பேசப் போன அன்று, தேநீர்க் கோப்பையோடு சேர்ந்து அதன் தட்டும் என் கையில் எழும்பி வந்தது உனக்கு நினைவிருக்கும். மறந்திருந்தால் சந்தோஷம், ஆனால் உன் அம்மா மறக்கவிட மாட்டா. கொஞ்சக் காலமாக என் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அதை ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறேன் என்பது என் எண்ணம். அன்றைக்கு அந்த நடுக்கத்தில் தேநீர் தட்டில் சிந்திவிட்டது. அதைக் கவனியாமல், மாப்பிள்ளையின் தகப்பன் என்கிற மிடுக்கோடு நான் கோப்பையைத் தூக்க, தட்டு அடியில் ஒட்டிக்கொண்டு வாய்வரை வந்து, அங்கே மனம் மாறிக் கழன்று, என் புது வேட்டியில் ஒரு தரம் இருந்து பார்த்துவிட்டு நிலத்தில் விழுந்து உடைந்தது. "ஃபான் கொஞ்சம் வேகமாச் சுத்துது, அதுதான்" என்றேன். மின்சாரம் நின்று வெகு நேரமாகியிருந்தது. எல்லாரும் கையில் அகப்பட்ட பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவரும் சிரிக்கவில்லை என்பதுதான் கொடுமை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தப்பியிருப்பேன். உன் மாமனார், ஊரெல்லாம் மாஸ்ரர் என்று கூப்பிடுகிற அந்த ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், குனிந்து உடைந்த துண்டுகளைத் தானே பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே, "அது உங்கடை பிழையில்லை அண்ணை. தண்ணியின்ரை வேலை" என்றார். தண்ணீரின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கொஞ்சம் நேர் மின்னேற்றம், மறுபக்கம் கொஞ்சம் மறை மின்னேற்றமாம். நேர் மறையை இழுக்குமாம். அப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கோப்பையையும் பிடித்து, தட்டையும் பிடித்து, எல்லாவற்றையும் ஒரு குடும்பமாக்கி வைத்திருக்குமாம். "அவ்வளவு பாரத்தையும் ஒரு சொட்டுத் தேத்தண்ணி தூக்கிக்கொண்டு வந்திருக்கு, பாருங்கோ" என்றார், நான் ஏதோ பரிசோதனை செய்துகாட்டியதுபோல.

நீ வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். பெண்பிள்ளை நிரோஜா பலகாரத் தட்டோடு வாசலில் வந்து நிற்கிறாள், நீ அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தத் திறந்த வாய் எனக்குத் தெரிந்த வாய் தம்பி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது என்னைப் பார்த்துத்தான் அப்படித் திறந்திருந்தது. அன்றைக்குத் தொடங்கியது எனக்கு இந்த வருத்தம். அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க எனக்குக் கன நாள் எடுத்தது. அதுவரை வாய்வு என்று நினைத்து இஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

நான் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு எஸ், அதாவது தட்டுத்தடுமாறிச் சித்தி, எடுத்தவன். அதுவும் பரீட்சை மண்டபத்தில் பக்கத்தில் இருந்தவன் பெரிய எழுத்தில் எழுதுகிற பழக்கமுள்ளவன் என்பதால். ஆனாலும் உன் கேள்விகளுக்கு நான் ஒருநாளும் 'தெரியாது' என்று சொன்னதில்லை. நெல்லுக் குத்துகிற மில்லில் ஆணி பொறுக்கக் காந்தம் வைத்திருப்பார்களே, அதில் ஆணி பாய்ந்து ஒட்டுவதைப் பார்த்து "ஏனப்பா?" என்றாய். "ஆணியிலை அதுக்கு ஆசை" என்றேன். போர்வையை இழுக்கும்போது உன் தலைமயிர் எழும்பி நின்றதற்கு, "அதுகளுக்குக் குளிருது, போர்வையைத் தேடுதுகள்" என்றேன். சண்டையில் இடம்பெயர்ந்து, தறப்பாள் சீலை கூரையாகக் கட்டிய கொட்டிலில் கிடந்த மழைக்காலத்தில், மேலே தறப்பாளில் இரண்டு துளிகள் கிட்டக் கிட்ட வந்து திடீரென்று ஒன்றாவதைக் காட்டி ஏன் என்று கேட்டாய். அப்போது எனக்கு நகைச்சுவை வரவில்லை. "தனிய நிக்கப் பயம் அதுகளுக்கு" என்றேன். நீ நம்பினாய். எழும்பி வந்து என் பக்கத்தில் படுத்தாய். வாழ்க்கையில் நான் பெற்ற பட்டங்கள் இவைதான். மாஸ்ரர் ஒரு தேநீர்த் தட்டை வைத்து அத்தனையையும் பறித்துக்கொண்டு போனார்.

சம்பந்தம் சரிவந்த பிறகு பின்னேரங்களில் நம் வீட்டில் உன் தொலைபேசிதான் பாடம் நடத்தியது. அந்தப் பக்கத்தில் நிரோஜா என்று நானும் அம்மாவும் மரியாதையாக விலகிப் போவோம். பார்த்தால் மாமனார்! அறுவடை நேரம் பதரும் உமியும் உரப்பையில் ஒட்டிக்கொண்டு உதற உதறப் போகாமல் நான் திட்டிக்கொண்டு நிற்க, நீ வந்தாய்.

"அப்பா, அது ஏன் ஒட்டுது தெரியுமோ? உரசேக்கை பையிலை மின்னேற்றம் ஏறுது. மாமா சொன்னவர்."

"ஏறட்டும். உதறினா இறங்கும்."

"உதற உதற இன்னும் ஏறுமப்பா. ஈரத்துணியாலை துடையுங்கோ எண்டு மாமா..."

"உன்ரை மாமா நெல்லு வெட்டினவரோ?"

நீ வீட்டுக்குள் போய்விட்டாய். பிறகு ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். போனது. அதை உனக்குச் சொல்லவில்லை, துணியையும் ஒளித்துவைத்தேன். சவர்க்காரத்துக்கு ஒரு தலை தண்ணீரைப் பிடிக்கும், ஒரு வால் எண்ணெயைப் பிடிக்கும் என்று நீ அம்மாவுக்கு விளங்கப்படுத்திய அன்று, அவா சட்டி கழுவுவதை நிறுத்திவிட்டுச் சவர்க்காரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. எனக்கு அவாவிலும் கோபம் வந்தது. இத்தனை வருடம் அந்தச் சவர்க்காரத்தைச் சந்தையிலிருந்து வாங்கி வந்தது நான்.

உப்புத்தான் என்னை உண்மையில் விழுத்தியது. சோற்றுக்கு உப்புப் போதாது என்று நான் கேட்க, நீ உப்பைத் தந்துவிட்டுச் சொன்னாய்: சோடியம் தன் வெளிவட்டத்தில் இருக்கிற ஒரேயொரு இலத்திரனை, மறையேற்றமுள்ள அந்தச் சின்னத் துணிக்கையை, குளோரீனுக்குக் கொடுத்துவிடுமாம். கொடுத்தது நேராகி, வாங்கியது மறையாகி, அதனால்தான் இரண்டும் விடாமல் பிடித்துக்கொண்டு உப்பாகின்றனவாம். தண்ணீரில் அப்படியில்லை, அங்கே இரண்டு பக்கமும் பங்கு வைக்குமாம். நான் உப்புச் சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மகனைக் கொடுத்துவிட்டுச் சோறு தின்றுகொண்டிருக்கிற சோடியம் நான். குளோரீன் வவுனியாவில் நல்ல நித்திரை. "என்ன யோசிக்கிறியள்?" என்று அம்மா கேட்டா. "பங்கு வைச்சாலென்ன எண்டு யோசிக்கிறன்" என்றேன். அவாவுக்கு விளங்கிவிட்டது.

எங்கள் ஆட்களுடைய வழக்கம் உனக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை அங்கேதான் போவான். நானும் அப்படித்தான் என் வீட்டை விட்டு வட்டக்கச்சிக்கு வந்தவன்; என் மாமனாரின் வயலைத்தான் இன்றைக்கும் உழுகிறேன். ஆகவே வாய் திறக்க எனக்கு உரிமையில்லை. நீ இடமாற்றம் கேட்டு எழுதி, கிளிநொச்சிக் கந்தோரிலிருந்து வவுனியாவுக்கு மாற்றமும் கிடைத்துவிட்டது. ஆனாலும் நான் பக்க அறைக்குச் சாந்து பூசி, நிலத்துக்கு டைல்ஸ் பதித்து, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டேன். "இது என்னத்துக்கப்பா?" என்று நீ கேட்டபோது, நெல்லு மூட்டை அடுக்க என்றேன். டைல்ஸ் பதித்த அறையில் படுக்கிற நெல்லு வன்னியில் வேறெங்கும் இராது. உன் அம்மா விடவில்லை. "வாயைத் திறந்து ஒருக்காக் கேளுங்கோவன். ஒரு போகம் முடியுமட்டுமாவது ரெண்டுபேரும் இஞ்சை இருக்கட்டும். பிள்ளை மாட்டனெண்டு சொல்லுவானோ?" என்றா. நீ மாட்டேன் என்று சொல்ல மாட்டாய் என்பதுதான் என் பயம். 'மாமாட்டைக் கேட்டுச் சொல்லுறன்' என்று சொல்லிவிடுவாய்.

கலியாணத்துக்கு முன் நடக்கிற பொன்னுருக்கலன்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அன்றைக்கு நம் வீடு, நம் முற்றம், நான்தான் பெரிய மனுஷன். தாலிக்கு உருக்குகிற பவுணை, அந்தத் தங்க நாணயத்தை, வெற்றிலையில் வைத்து மாப்பிள்ளையின் தகப்பன் எடுத்து மகனிடம் கொடுக்க, மகன் தாலி செய்கிற பத்தரிடம் கொடுப்பான். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் ஒத்திகை பார்க்கும்போது பவுண் வெற்றிலையிலிருந்து உருண்டு கட்டிலுக்குக் கீழே போனது. மறுபடியும் போனது. மாஸ்ரருக்கு முன்னால் தாலிப் பவுண் நிலத்தில் விழுந்தால் சகுனமும் போய் மானமும் போய்விடும். அப்போதுதான் அலுமாரியில், செருப்பு ஒட்ட வாங்கிய சுப்பர் குளூ என் கண்ணில் பட்டது. ஒரு சொட்டு, வெற்றிலையில். அதற்கு மேல் பவுண். உருண்டால் பார்ப்போம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, பிடிக்கட்டும் என்று பெருவிரலால் மேலேயும் சுட்டுவிரலால் கீழேயும் அமத்திக்கொண்டு நின்றேன். வெற்றிலை கழுவி வைத்த ஈரம். என் கை வியர்வை. வெற்றிலை கிழிந்தது. பவுண் கிழியவில்லை. விரல்களுக்கு நடுவில் அது நின்ற இடத்திலேயே நின்றது.

வெளியே பத்தர் கரி மூட்டிவிட்டார். "நேரம் போகுது, பவுணைக் கொண்டு வாங்கோ" என்று உன் அம்மாவின் தமையன், உன் அம்மான், கூப்பிட்டார். நான் கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து, எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று சிலர் நினைத்திருப்பார்கள்.

"தாங்கோ அத்தான்."

"தாறன், பொறுங்கோ."

"என்னத்துக்குப் பொறுக்கிறது? சுபநேரம் பொறுக்குமோ?"

சால்வையை அவர் இழுத்துப் பார்த்தார். பிறகு முற்றம் முழுவதும் பார்த்தது. பத்தர் எட்டி என் விரலைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, பவுணைத் தனிய உருக்கித்தான் எனக்குப் பழக்கம்" என்றார். இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நீ என் கையைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய், பிறகு திரும்பி, "மாமா, என்ன செய்யலாம்?" என்றாய். அந்த இடத்தில் பசை கையில் பிடித்ததைவிட எனக்கு நெஞ்சில் இறுக்கிப் பிடித்தது.

மாஸ்ரர் வந்தார். கோபமில்லை, நக்கலில்லை. பெண்வீட்டாரோடு வந்த ஒரு பிள்ளை நகப்பூச்சுக் கழற்றுகிற திரவம் பசையைக் கரைக்கும், காரில் இருக்கிறது என்று ஓட, "அதை அந்த நெருப்புக்குக் கிட்டக் கொண்டு வராதை பிள்ளை, பத்திப் பிடிக்கும்" என்று மறித்தார். இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் கேட்டார். "இந்தப் பசைக்கு ஈரம்தான் எதிரி எண்டு நினைப்பம். இல்லை, ஈரம் பட்டவுடனைதான் இது இறுகத் தொடங்கும். சின்னச் சின்ன மூலக்கூறெல்லாம் கை கோத்து நீளச் சங்கிலியாகும். நீங்கள் ஈர வெற்றிலையும் குடுத்து, வேர்த்த கையும் குடுத்திருக்கிறியள்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே, பவுணை மெல்ல உருட்டி உருட்டி எடுத்துவிட்டார். பவுண் வந்தது. அது வந்த இடத்தில் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதைக் கழற்ற நேரமில்லை.

பவுண் இப்போது அவர் கையில். "நீங்களே குடுத்திடுங்கோ மாஸ்ரர்" என்று யாரோ சொன்னார்கள். அவர் கொடுத்திருந்தால், தம்பி, நான் அவரை ஆயுள் முழுக்க நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவர் புது வெற்றிலை எடுத்து, பவுணை வைத்து, என் ஒட்டிய கையின் உள்ளங்கையில் வைத்தார். "தகப்பன்தான் குடுக்கோணும்" என்றார். வைத்துவிட்டு, என் மணிக்கட்டைக் கீழே இருந்து தாங்கிப் பிடித்தார். பார்ப்பவர்களுக்கு ஏதோ சம்பிரதாயம் போல இருந்திருக்கும். என் கை நடுங்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று அந்த நிமிடத்தில் நினைத்தேன்.

பொன் உருகும்வரை சுற்றியிருந்த பிள்ளைகளுக்கு அவர் பாடம் எடுத்தார்; சும்மா இருக்க அவருக்கு வராது. பொன்னுக்குள் இலத்திரன்கள் ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் திரியுமாம். அதனால்தான் அடித்தாலும் நொறுங்காமல் வளைந்து கொடுக்குமாம். பிறகு இன்னொன்று சொன்னார்: நாம் ஒன்றையும் உண்மையில் தொடுவதேயில்லையாம். கை மேசைக்குக் கிட்டப் போக, கையின் இலத்திரன்களும் மேசையின் இலத்திரன்களும் ஒன்றையொன்று தள்ளுமாம். அந்தத் தள்ளலைத்தான் தொடுகை என்று நினைக்கிறோமாம். இதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை நீ அறியமாட்டாய். காலையில்தான் நீ அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருந்தாய். விஞ்ஞானப்படி நீ தொடவில்லை! அவர் வாயாலேயே தீர்ப்பு. அந்தச் சந்தோஷம் சோறு போடும்வரைதான் இருந்தது. இலையில் கை வைக்கும்போது, அப்படியென்றால் நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துவாயில் சுற்றித் தந்தார்களே, அன்றைக்கு நானும்தான் உன்னைத் தொடவில்லை என்று விளங்கியது. பொறாமைப்படுகிறவன் கணக்குப் பார்க்கக் கூடாது தம்பி. இதை நீ அறிவுரையாக எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுப் பந்தி நடக்க, நீ என்னைச் சமையல் நடக்கிற குசினிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாய். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தாய். என்னைக் கதிரையில் இருத்தி, பேசினில் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கலந்து, என் கையை அதற்குள் வைத்துப் பிடித்து, விரல்களை மெல்ல உருட்டத் தொடங்கினாய்.

"உங்களுக்குத் தேவையோ உந்த வேலை? கை நடுங்குதெண்டா எனக்கெல்லோ சொல்லோணும்."

"ஆர் சொன்னது நடுங்குதெண்டு? உன்ரை மாமாவோ?"

"அவர் தேத்தண்ணித் தட்டு விழேக்கை கண்டவராம். எனக்கு அதுக்கு முதலே தெரியும். மோட்டச்சைக்கிள் திறப்பைத் துவாரத்துக்குள்ளை போட நீங்கள் படுற பாட்டைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். நீங்களாச் சொல்லுவியளெண்டு பாத்தன்."

அதுக்கு முதலே. அந்த இரண்டு சொல்லை நீ எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்! மாஸ்ரருக்கு முதலே. நான் முகத்தைக் கறிவேப்பிலை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டேன். கண்ணில் சவர்க்காரம் பட்டுவிட்டது என்று சொல்ல நினைத்தேன். சவர்க்காரம் கண்ணிலிருந்து வெகு தூரத்தில் இருந்தது.

"வவுனியாவிலை ஒரு டொக்டர் இருக்கிறார், காட்டுவம். மாமாக்குத் தெரிஞ்ச ஆள்."

"அங்கையும் மாமாவோ?"

நீ சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அம்மா சொன்னவா, நீங்கள் என்னட்டை ஏதோ கேக்க இருக்கிறியளாம்" என்றாய்.

அதுதான் நேரம். அறை இருந்தது, டைல்ஸ் இருந்தது, கேள்வியும் இருந்தது. "தண்ணி ஆறிப் போச்சு. சுடுதண்ணி கொஞ்சம் விடு" என்றேன். நீ எழும்பிப் போய்க் கேத்தலைக் கொண்டு வந்து விட்டாய். பிறகும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோகுதோ? நோகுதோ?" என்று கேட்டுக் கேட்டு உருட்டினாய். பந்தி முடிந்து உன்னைத் தேடினார்கள். "அப்பான்ரை கை இன்னும் கழரேல்லை, வாறன்" என்று நீ குரல் கொடுத்தாய்.

கலியாணம் முடிந்து நீ போய்விட்டாய். அறையில் இப்போது உண்மையிலேயே நெல்லு மூட்டை அடுக்கியிருக்கிறேன். பொய் சொன்னவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். நீ நன்றாக இருக்க வேண்டும். மாஸ்ரர் கதைக்கும்போது முழுவதையும் கேள். நடுவில் எழும்பிப் போகாதே, அந்த மனுஷனுக்கும் வேறு காது இல்லை. நிரோஜாவின் கையில் தேநீர் சிந்தினால் ஃபானைக் குறை சொல்லாதே. உனக்குப் பிள்ளை பிறந்து ஏன் ஏன் என்று கேட்டால், சரியான பதிலை உன் மாமாவிடம் கேட்டுச் சொல்லு. பிழையான பதில் வேண்டுமென்றால் பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுத்து எனக்கு எடுக்கச் சொல்லு. தண்ணீர்ப் பம்ப், வரம்பு, மழை, இந்த மூன்றையும் எனக்கு விட்டுவிடு. மற்ற உலகத்தை அவர் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த கிழமை அந்த டொக்டரிடம் வருகிறேன். மாஸ்ரரையும் கூட்டி வா, பரவாயில்லை.

அன்றைக்குப் பேசினுக்கு முன்னால் இருந்து உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். நீ சுடுதண்ணீர் கொண்டுவரக் குசினிக்குள் போனபோதே என் விரல் கழன்றுவிட்டது. நீ திரும்பி வந்து பிடிக்கும்போது, நான்தான் இரண்டு விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.